மருத்துவருக்கு இடமில்லாத நகரம்: டௌவியின் சுகமளிக்கும் ஊழியம், ஒரு நிகழ்வு ஆய்வு

சிகாகோவில் ஜான் அலெக்சாண்டர் டௌவி பிரசங்கித்த ஆலயத்தின் சுவரில் ஊன்றுகோல்களும் இரும்புக் கால்தாங்கிகளும் தொங்கின. சுகம் பெற்றதாகச் சொன்னவர்கள் விட்டுச் சென்றவை. பிசாசிடமிருந்து பறித்த கொள்ளைப்பொருட்களாகவே அவர் அவற்றைக் கருதினார். புதிதாக உள்ளே வருகிறவர் பிரசங்கத்தின் முதல் வார்த்தையைக் கேட்பதற்கு முன்பே அந்தச் சுவரைப் பார்த்துவிடுவார். ஊன்றுகோலோடு வந்து ஊன்றுகோலோடே வீடு திரும்பியவர் அங்கே எதையும் மாட்டிவிட்டுப் போகவில்லை என்ற எண்ணம், வலியோடு வரிசையில் நிற்பவருக்கு அந்த நேரத்தில் எழாது.

விசுவாசத்தால் சுகம் என்ற பேச்சு எழுந்தாலே 'இது உண்மையா, ஏமாற்றா' என்ற ஒரே கேள்வியில் விவாதம் முட்டிக்கொண்டு நின்றுவிடுகிறது. அந்தக் கேள்வி தேவையானதுதான். டௌவியின் கூற்றுகளில் பெரும்பாலானவற்றை உறுதிசெய்யக்கூடிய மருத்துவப் பதிவுகள் இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் அதற்கு எந்த விடை சொன்னாலும், சுகமளித்தல் ஒரு சபையை எப்படிக் கட்டுகிறது, எப்படிக் கடல் தாண்டுகிறது, பலிக்காதபோது எப்படித் தாக்குப்பிடிக்கிறது என்பது விளங்குவதில்லை. இம்மூன்றும் ஒரே கதையில் கிடைப்பதால் டௌவியை எடுத்துக்கொண்டேன். ஆரம்பம், உச்சம், சரிவு ஆகியவற்றோடு, அவர் இல்லாமலேயே தொடர்ந்த ஒரு நீண்ட பின்கதையும் இதில் உண்டு. அந்தப் பின்கதைதான் முன்கதையை விடப் பெரியது.

நாற்பது சவ அடக்கங்கள்

டௌவி 1847இல் எடின்பரோவில் பிறந்தவர். பதின்மூன்று வயதில் பெற்றோருடன் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டுக்குக் கப்பலேறினார். பிறகு எடின்பரோவுக்குத் திரும்பிப் போய் இறையியல் படித்து, ஆஸ்திரேலியாவில் காங்கிரிகேஷனல் சபையின் போதகரானார். 1876இல் அவர் சிட்னியை அடுத்த நியூடவுனில் ஊழியம் செய்துகொண்டிருந்தபோது அங்கே ஒரு கொள்ளைநோய் பரவியது. சில வாரங்களில் தம் சபையாரில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்களை அடக்கம் செய்ததாக அவர் பிற்காலத்தில் திரும்பத் திரும்பச் சொன்னார்.

அப்போதுதான் அப்போஸ்தலர் நடபடிகள் 10:38 தம்மைப் பிடித்துக்கொண்டது என்பது அவர் சொன்ன கதை. பிசாசின் வல்லமையில் அகப்பட்டவர்களை இயேசு குணமாக்கினார் என்று அந்த வசனம் சொல்கிறது. அப்படியானால் நோயை அனுப்புவது பிசாசு. அதைக் கடவுளின் சித்தம் என்று சொல்வது கடவுளின் மீது போடும் பழி. இந்த முடிவோடு, சாகக் கிடந்த ஒரு பெண்ணின் வீட்டுக்குப் போனார். அங்கிருந்த மருத்துவர் 'கடவுளின் வழி நமக்குப் புரியாது' என்ற பொருளில் ஏதோ சொல்ல, டௌவிக்குக் கோபம் வந்தது. ஜெபித்தார்; பெண் பிழைத்தாள் என்றார்.

இந்தக் கதை நடந்தபடியே சொல்லப்பட்டதா என்பதை விட்டுவிடுவோம். அதன் அமைப்பைப் பார்க்க வேண்டும். துக்க வீட்டில் போதகர் வழக்கமாகச் சொல்லும் ஆறுதலான 'கர்த்தருடைய சித்தம்' என்ற சொல்லையே இது தூக்கியெறிகிறது. நாற்பது வீடுகளில் அந்த ஆறுதலைச் சொல்லிச் சலித்த ஒரு மனிதனின் கலகம் இது. அந்த மருத்துவரிடமும் கொடுப்பதற்குப் பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை. நோய்களுக்குக் கிருமிகள் காரணம் என்பதே அப்போது முழுதாக ஏற்கப்படவில்லை. பென்சிலின் மக்கள் கைக்கு வர இன்னும் எழுபது ஆண்டுகள் போல ஆக வேண்டியிருந்தது. பாதரசமும் அபினும் கலந்த மருந்துகள் தாராளமாகப் புழங்கின. 1876இல் மருந்தை மறுப்பதால் ஒருவர் இழந்தது குறைவு. இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கணக்கு பின்னால் மாறும்.

தெய்வீக சுகம் டௌவியின் கண்டுபிடிப்பு இல்லை. ஜெர்மனியில் ப்ளூம்ஹார்ட், சுவிட்சர்லாந்தில் டோரதேயா ட்ரூடெல், பாஸ்டனில் சார்லஸ் கல்லிஸ் ஆகியோர் அவருக்கு முன்பே நோயாளிகளைத் தங்கவைத்து ஜெபித்தவர்கள். ஆனால் அவர்களுடைய இல்லங்கள் அமைதியானவை, ஏற்கெனவே விசுவாசத்தில் இருந்தவர்கள் நாடி வந்தவை. டௌவி அதை வெளியாருக்கான வாசலாக ஆக்கினார்.

கண்காட்சிக்கு எதிரே

1888இல் சான் பிரான்சிஸ்கோவில் இறங்கி, இரண்டு ஆண்டுகளுக்குப் பின் சிகாகோ பக்கம் குடியேறினார். 1893இல் சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சியின் வாசலருகே ஒரு மரக்கூடாரம் போட்டார். பஃபலோ பில்லின் குதிரைச் சாகசக் காட்சி நடந்ததும் அந்தப் பக்கத்திலேயே. முதலில் ஆட்கள் அதிகம் வரவில்லை. பிறகு பஃபலோ பில்லின் உறவுக்காரப் பெண் ஒருவர் சுகம் பெற்றதாகச் செய்தி பரவியது. ஆபிரகாம் லிங்கனின் உறவினர் ஒருவரும் சாட்சி சொன்னார். பெரிய பெயரோடு ஒட்டிய சாட்சிக்குத் தனி எடை உண்டு என்பதை டௌவி நன்றாகவே புரிந்துகொண்டிருந்தார்.

1894இல் சிகாகோவிலிருந்து 'லீவ்ஸ் ஆஃப் ஹீலிங்' என்ற வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். வெளிப்படுத்தின விசேஷத்தின் கடைசி அதிகாரத்தில் வரும் ஜீவவிருட்சத்தின் இலைகளை நினைவூட்டும் பெயர். என் கணிப்பில் இந்த ஊழியத்தின் இதயம் இந்தப் பத்திரிகைதான். கூடாரமும் மேடையும் அதற்குச் செய்தி விளைவித்த வயல்கள். அதில் பிரசங்கங்களோடு சாட்சிகள் வந்தன. பெயர், ஊர், படம், நோய், வைத்தியம் பார்த்த மருத்துவர்கள், கைவிட்ட மருத்துவர்கள் என்று விவரமாக எழுதப்பட்டன.

சாட்சி என்பது தற்செயலாகப் பேசிவிடும் பேச்சு இல்லை. அதற்கு ஓர் இலக்கணம் உண்டு, சபைக்குப் போகிற எவருக்கும் அது பழக்கமானது. முதற்பாதி, மனித முயற்சி தோற்ற கதை: இத்தனை ஆண்டு வலி, இத்தனை மருத்துவர், இத்தனை செலவு. பிற்பாதி, மனந்திரும்பிய கதை. இரண்டையும் இணைக்கும் கீல் சுகம். அந்தக் கீலைக் கழற்றிவிட்டால் மிஞ்சுவது ஒரு சாதாரண மனமாற்றக் கதை. அதை யாரும் பக்கத்து வீட்டுக்காரரிடம் வாசித்துக் காட்டமாட்டார்கள். சுகம் ஒருவரின் உடலில் ஒரு நாள் நிகழ்கிறது. அச்சடித்த சாட்சி ஒவ்வொரு வாரமும் தபாலில் போகிறது, பழையதானாலும் கைமாறுகிறது, அதை வாசிப்பவருக்குச் சிகாகோ எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

டௌவி நடந்துகொண்ட முறையும் கவனிக்கத்தக்கது. பின்னாளைய கூடாரக் கூட்டங்களைப் போல மேடையில் வரிசையாக ஆட்களை நிறுத்தித் தொட்டு அனுப்பும் வேகம் அவரிடம் இல்லை. ஜெபத்துக்கு முன் நோயாளி மனந்திரும்ப வேண்டும், பிறருக்குச் செய்த அநியாயத்தைச் சரிசெய்ய வேண்டும், புகையிலையையும் மதுவையும் பன்றி இறைச்சியையும் விட வேண்டும், மருந்தைக் கைவிட வேண்டும். தலையில் கை வைக்கப்படும் நேரத்துக்குள் அந்த ஆள் முக்கால்வாசி சபையாராகிவிட்டிருப்பார். வெளியிலிருந்து பார்ப்பவர்கள் சுகம் கிடைத்ததால் சேர்ந்தார்கள் என்று நினைப்பார்கள். சுகத்துக்காகக் காத்திருந்த நாட்களிலேயே சேர்ந்துவிட்டவர்கள் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள் என்று நான் நினைக்கிறேன். சுகம் கிடைக்காமல் போனாலும் அவர்களால் எளிதாக வெளியேற முடியாது. புகையிலையை விட்டாயிற்று, உறவினரோடு சண்டை போட்டாயிற்று, மருந்துப் புட்டியைக் குப்பையில் போட்டாயிற்று.

கிடைக்காமல் போனதற்குப் பதிலும் தயாராக இருந்தது: எங்கோ அறிக்கையிடாத பாவம், எங்கோ விசுவாசக் குறைவு. பலித்தால் வரவு கர்த்தருக்கும் ஊழியருக்கும், பலிக்காவிட்டால் செலவு நோயாளியின் கணக்கில். விசுவாச சுகத்தைப் பற்றி என்னிடம் இருக்கும் பெரிய முறையீடு இதுதான். பொய்ச் சாட்சியைக்கூட மன்னித்துவிடலாம். வலியோடு வந்தவரைக் குற்றவுணர்வோடும் சேர்த்து அனுப்புவதை மன்னிப்பது கடினம்.

1895இல் சிகாகோ நகராட்சி அவருடைய சுகமளிக்கும் இல்லங்களை மருத்துவமனை விதிகளுக்குள் கொண்டுவரப் பார்த்தது. அந்த ஓர் ஆண்டில் நூறு முறை போலத் தம்மைக் கைது செய்ய ஆணை வந்தது என்றார் டௌவி. வழக்கில் கடைசியில் வென்றது அவர்தான். மருத்துவர்களையும் மருந்துகளையும் பிசாசுகளையும் ஒரே வரிசையில் நிறுத்தித் தலைப்பிட்ட அவருடைய பிரசங்கம் நகரம் முழுக்க எரிச்சலைக் கிளப்பியது, எரிச்சல் விளம்பரமானது. 1896இல் கிறிஸ்தவ கத்தோலிக்க சபை என்ற பெயரில் தனிச் சபையை நிறுவினார். ரோமாபுரியோடு அதற்கு எந்தத் தொடர்பும் கிடையாது.

சீயோன்

சிகாகோவுக்கு வடக்கே, மிச்சிகன் ஏரிக்கரையில் சுமார் 6,600 ஏக்கர் நிலம் வாங்கப்பட்டது. 1901இல் சீயோன் நகரின் மனைகள் மக்களுக்குத் திறந்துவிடப்பட்டன. விற்பனை கிடையாது, 1,100 ஆண்டுக் குத்தகை மட்டும். தெருக்களுக்கு வேதாகமப் பெயர்கள். வேலைக்கு ஒரு லேஸ் பின்னல் தொழிற்சாலை, பணத்துக்கு ஒரு வங்கி. மதுக்கடை, நாடகக் கொட்டகை, பன்றி இறைச்சி, புகையிலை எதுவும் கூடாது. மருத்துவரும் மருந்துக்கடையும் கூடாது. சொத்தெல்லாம் டௌவியின் பெயரில்.

இங்கேதான் சுகமளித்தலின் பாத்திரம் மாறுகிறது. கண்காட்சி வாசலில் அது அழைப்பு. சீயோனில் அது சட்டம். மருந்தில்லாமல் பிழைத்தேன் என்று ஒருவர் தானே முன்வந்து சொல்வதற்கும், மருந்தை வைத்திருந்தால் ஊர்க்கட்டுப்பாட்டை மீறியவராவதற்கும் இடையில் எவ்வளவோ தூரம். சாட்சிக்கு வலு வருவதே மாற்றுவழி இருந்தும் அதை நாடாததால்தான். மாற்றுவழியை அடைத்த ஊரில் சாட்சி எதை நிரூபிக்கும்?

அதே ஆண்டு ஜூனில் டௌவி, தாமே எல்லாவற்றையும் சீர்ப்படுத்த வந்த தீர்க்கதரிசி எலியா என்று அறிவித்தார். (இந்தச் செய்தி பஞ்சாப் வரை எட்டியது. தம்மை வாக்களிக்கப்பட்ட மெசியா என்று சொல்லிக்கொண்ட மிர்சா குலாம் அகமது, எங்கள் இருவரில் யார் முன்னால் சாகிறாரோ அவரே பொய்யர் என்று டௌவிக்குச் சவால் விட்டார். டௌவி முன்னால் இறந்ததை, மிர்சாவைப் பின்பற்றும் அகமதியாக்கள் இன்றும் ஓர் அடையாளமாகச் சொல்கிறார்கள். அற்புதத்தை ஆதாரமாக வைக்கும் பழக்கம் ஒரு மதத்துக்கு மட்டும் உரியதில்லை.)

1902 மே மாதம் டௌவியின் மகள் எஸ்தர் தலைமுடியைச் சுருட்டும் கருவியைச் சாராய விளக்கில் சூடாக்கியபோது உடையில் தீப்பிடித்தது. இருபத்தொரு வயது. தீக்காயத்தோடு பல மணி நேரம் போராடி இறந்தாள். அவள் தம் சொல்லை மீறிச் சாராய விளக்கைப் பயன்படுத்தியதே காரணம் என்று தந்தை விளக்கம் தந்தார். யாரோ ஒரு நோயாளியின் கணக்கில் இத்தனை காலம் எழுதிவந்த செலவை, சொந்த மகளின் கணக்கிலும் அதே கையெழுத்தில் எழுதினார். இதைக் கல்நெஞ்சம் என்று சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. அவர் கட்டிய கோட்பாட்டில் வேறு விளக்கத்துக்கு வழியே இருக்கவில்லை. மகளை இழந்த அன்று கோட்பாட்டையும் இழக்க அவர் துணியவில்லை.

1903 அக்டோபரில் சுமார் 3,000 பேரைத் தனி ரயில்களில் ஏற்றிக்கொண்டு நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனுக்குப் போனார். அங்கே பேசியவர் எலியா, சுகமளிக்கிறவர் பின்னுக்குப் போய்விட்டார். திட்டு நீண்டுகொண்டே போக, ஆட்கள் பாதியில் எழுந்து நடந்தார்கள். கடன் மட்டும் மிஞ்சியது. 1905 செப்டம்பரில் பக்கவாதம் தாக்கியது. மறு ஆண்டு ஏப்ரலில் அவர் ஊரில் இல்லாதபோதே வில்பர் கிளென் வோலிவா தலைமையில் சபை அவரை நீக்கியது. 1907 மார்ச்சில் டௌவி இறந்தார். வோலிவாவைப் பற்றி ஒரு வரி போதும்: பூமி தட்டையானது என்று சீயோன் பள்ளிகளில் கற்பிக்க வைத்தவர். மருத்துவருக்கு இடமில்லை என்று தொடங்கிய அந்த ஊரில் 1988 முதல் ஒரு பெரிய புற்றுநோய் மருத்துவமனை இயங்கிவருகிறது.

டௌவியின் சரிவுக்குப் பின் சீயோன் மக்கள் பலர் பெந்தெகொஸ்தே பக்கம் சாய்ந்தார்கள். 1906இல் பெந்தெகொஸ்தே போதகர் சார்லஸ் பர்ஹாம் அங்கே வந்து வீட்டுக் கூட்டங்கள் நடத்தினார். அடுத்த ஆண்டே, கீல்வாதத்தில் கைகால் முடங்கிய ஒரு மூதாட்டியின் உடம்பிலிருந்து பேயை ஓட்டுவதாக அவரைப் பின்பற்றிய சிலர் மூட்டுகளை வலிந்து நீட்ட, அவர் இறந்துபோனார். அதே சீயோன் மண்ணிலிருந்து ஜான் ஜி. லேக், எஃப். எஃப். பாஸ்வொர்த் போன்ற பெயர்பெற்ற சுகமளிக்கும் ஊழியர்கள் கிளம்பினார்கள். 1940களின் இறுதியில் அமெரிக்காவெங்கும் பெருகிய கூடாரக் கூட்டங்களை ஒருங்கிணைத்த பத்திரிகையின் ஆசிரியர் கார்டன் லிண்ட்சே பிறந்ததும் சீயோனில்தான். அவர் கையில் எடுத்ததும் பத்திரிகையே என்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

தபாலில் போன சபை

தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வாலில் வாக்கர்ஸ்ட்ரூம் என்ற ஊரில் டச்சு சீர்திருத்த சபையின் மிஷனரியாக இருந்தவர் பீட்டர் லெ ரூ. தெய்வீக சுகத்தில் அவருக்கு முன்பே ஈடுபாடு உண்டு. தம் சபைத் தலைவர்களோடு அதனால் உரசலும் உண்டு. அவர் கையில் 'லீவ்ஸ் ஆஃப் ஹீலிங்' கிடைத்தது. டௌவியை நேரில் பார்க்காமலேயே பழைய சபையை விட்டு வெளியேறினார். அவரோடு ஜூலு மக்களும் கணிசமாக வந்தார்கள். 1904இல் டௌவி அனுப்பிய டேனியல் பிரையன்ட் வந்து ஞானஸ்நானம் கொடுத்தார். டௌவியின் வழக்கப்படி மும்முறை தண்ணீரில் முழுக்கு. மிஷனரி வருவதற்கு முன்பே சபை இருந்தது. அதைக் கூட்டியது தாள்.

1908இல் லேக் தென்னாப்பிரிக்காவுக்கு வந்தபோது லெ ரூ அவருடைய பெந்தெகொஸ்தே மிஷனில் சேர்ந்துவிட்டார். ஜூலு விசுவாசிகளில் பலர் சீயோன் என்ற பெயரை விடவில்லை. டேனியல் என்கோன்யானேயின் தலைமையில் வெள்ளையங்கியும் கைக்கோலும் வெறுங்காலும் வந்தன. இவை ஏரிக்கரைச் சீயோனிலிருந்து வந்தவை இல்லை. வேதாகமத்தைத் தாங்களே வாசித்து எடுத்துக்கொண்டவை.

எங்கேனாஸ் லெகன்யானே என்ற இளைஞருக்குக் கண்நோய். மும்முறை முழுக்கு ஞானஸ்நானம் பெற்றால் குணமாகும் என்று கனவில் ஒரு குரல் கேட்டதாகவும், பெற்றபின் குணமானதாகவும் அவருடைய சபை சொல்கிறது. 1920களின் நடுவில் அவர் தொடங்கிய சீயோன் கிறிஸ்தவ சபை இன்று ஆப்பிரிக்காவின் மிகப் பெரிய சுதேச சபைகளில் ஒன்று. ஈஸ்டர் நாட்களில் பொலோக்வானேவுக்கு அருகே மோரியாவில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் கூடுவது வழக்கம். அங்கே ஆசீர்வதித்த தண்ணீரும் தேநீரும் காப்பியும் சுகத்துக்காகக் கொடுக்கப்படுகின்றன. டௌவி பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ. புட்டியில் ஊற்றிக் குடிக்கும் எதுவும் அவருக்கு மருந்துக்கடை வாசனை அடித்திருக்கும்.

ஏன் அங்கே அது வேர் பிடித்தது? மிஷன் சபைகள் கொண்டுபோன கிறிஸ்தவத்தில் ஆத்துமாவைப் போதகர் பார்த்துக்கொள்வார், உடம்பை மிஷன் மருத்துவமனை பார்த்துக்கொள்ளும். நோயை உறவு, மூதாதையர், பில்லி சூனியம் ஆகியவற்றோடு சேர்த்தே புரிந்துகொண்ட மக்களுக்கு இந்தப் பங்குபிரிப்பு அரைகுறையாகத் தெரிந்தது. பாரம்பரிய வைத்தியரிடம் போகாதே என்று சொன்ன மிஷனரி அந்த இடத்தில் வேறு எதையும் வைக்கவில்லை. நோய்க்குப் பின்னால் ஒரு சக்தி இருக்கிறது, அதை மேற்கொள்ள இன்னொரு சக்தி இருக்கிறது என்று சொன்ன டௌவியின் தாள் அவர்களுக்கு நேரடியாகப் பேசியது. இன்னொன்றும் உண்டு. மருத்துவமனை கட்டப் பணம் வேண்டும், வெள்ளைக்காரர் வேண்டும். கை வைத்து ஜெபிக்க இரண்டு கைகள் போதும். சுகமளித்தல் ஊழியத்தின் சாவியை உள்ளூர்க்காரர் கையில் கொடுத்துவிட்டது.

இதே வழி நைஜீரியாவிலும் திறந்தது. டௌவியின் தாளுக்குப் பதில் வேறொரு தாள். 1918இல் இன்ஃபுளுவென்சா பரவியபோது இஜெபு-ஓடேயில் ஆங்கிலிக்கன் சபையைச் சேர்ந்த சிலர் ஜெபக்குழுவாகக் கூடினார்கள். பிறகு ஃபிலடெல்ஃபியாவைச் சேர்ந்த விசுவாசக் கூடார சபையின் பத்திரிகை அவர்களுக்குக் கிடைத்தது. எந்த மருந்தையும் ஏற்காத சபை அது. மிஷனரி யாரும் வராமல் கடிதத்திலும் அச்சிலும் உறவு வளர்ந்தது. 1930இல் இலேஷாவில் ஜோசப் பாபலோலா பெரும் எழுப்புதலைக் கிளப்பினார். சாலை போடும் நீராவி உருளையை ஓட்டிக்கொண்டிருந்தபோது அழைப்புக் கேட்டவர் அவர். ஆயிரக்கணக்கானோர் தண்ணீர்ப் பாத்திரங்களோடு வந்து ஜெபித்து வாங்கிப் போனார்கள். காலனி அரசு சந்தேகத்தோடு பார்க்கத் தொடங்கியதும், பாதுகாப்புக்கு ஒரு வெள்ளைக்காரச் சபையின் துணை இருந்தால் நல்லது என்று பிரிட்டனின் அப்போஸ்தல சபையை அழைத்தார்கள். 1930களின் தொடக்கத்தில் அதன் மிஷனரிகள் வந்து சேர்ந்தார்கள்.

வந்தவர்கள் மலேரியாவுக்குப் பயந்து கொய்னா மாத்திரை விழுங்கினார்கள்.

1876இன் கணக்கு மாறியிருந்த காலம் அது. கொய்னா உண்மையிலேயே வேலை செய்யும் மருந்து, அதை மறுத்தால் ஆள் போகும். மிஷனரிகளுக்கு அது சாதாரண எச்சரிக்கை. கர்த்தரே பரிகாரி என்று அறிக்கையிட்டு மருந்தை ஒதுக்கியிருந்த விசுவாசிகளுக்கு அது அப்பட்டமான இரட்டை நாக்கு. சுவிசேஷம் சொல்ல வந்தவரிடமே 'உமது விசுவாசம் எங்கே' என்று கேட்டார்கள். மிஷனரிகள் மாத்திரையை நிறுத்தவில்லை. பாபலோலாவும் அவரோடு நின்றவர்களும் பிரிந்து வந்தார்கள். 1940களின் தொடக்கத்தில் கிறிஸ்து அப்போஸ்தல சபை என்று தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டார்கள்.